ஏறுபவருக்கு வழி: மலைப்பாதையில் எதிரெதிரே சந்திக்கும்போது

தோளுரசாமல் இருவர் கடக்க முடியாத ஒற்றையடி மலைப்பாதையில் ஒருவர் ஏறி வருகிறார், மற்றொருவர் இறங்கி வருகிறார் என்றால், இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறுபவர் நடையைத் தொடர வேண்டும் என்பதே உலகின் பெரும்பாலான மலைநடைப் பாதைகளில் நிலவும் நெறி. அமெரிக்க தேசியப் பூங்காத் துறை நடைபயணிகளுக்குத் தரும் குறிப்புகளில் இது இருக்கிறது; ஜப்பானிய மலையேற்ற மரபும் ஏறுபவருக்கே முன்னுரிமை தருகிறது. பெரும்பாலான இடங்களில் இது சட்டமாக இல்லை, பழக்கமாகவே இருக்கிறது. மீறுபவரைக் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால், காரணம் தெரிந்தவர்கள் மட்டுமே இதைத் தொடர்ந்து கடைப்பிடிக்கிறார்கள். பல ஆண்டுகள் மலைப்பாதைகளில் வழிவிட்டும் வழிபெற்றும் நடந்த பிறகு, இந்த நெறியை நான் இரண்டு பாதிகளாகப் பிரித்துப் புரிந்துகொண்டிருக்கிறேன்: நிற்பதா நடப்பதா என்ற முடிவு ஏறுபவருடையது, நிற்பதற்கு ஏற்ற இடத்தைத் தேடும் பொறுப்பு இறங்குபவருடையது. முதல் பாதியைப் பலர் அறிந்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை.

ஏறுபவருக்கு ஏன் முன்னுரிமை என்பது, செங்குத்தான ஏற்றத்தில் முதுகுப்பையுடன் நடந்தவருக்குச் சொல்லாமலே விளங்கும். ஏற்றத்தில் காலடியும் மூச்சும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இத்தனை அடிக்கு ஒரு மூச்சு என்று உடல் தானாகவே ஒரு கணக்கை அமைத்துக்கொண்டு, அந்தக் கணக்கிலேயே நெடுநேரம் ஏறுகிறது. நடுவில் ஒரு பாறைப்படியில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்க நேர்ந்தால், மறுபடி புறப்படும்போது உடலின் எடையையும் பையின் எடையையும் அசைவற்ற நிலையிலிருந்து தூக்க வேண்டியிருக்கிறது, கலைந்த கணக்கைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கிறது. உயரம் கூடக்கூட இதன் விலையும் கூடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் ஏறத்தாழப் பாதிதான். அங்கே நாலைந்து அடிகளை வேகமாக எடுத்துவைத்தாலே மூச்சு வாங்குகிறது.

மூச்சைவிட முக்கியமான காரணம் பார்வை என்பது என் எண்ணம். ஏறுபவரின் கண்கள் பெரும்பாலும் அடுத்த இரண்டு மூன்று அடிகளிலேயே பதிந்திருக்கும். தலை முன்னால் சாய்ந்திருக்கும், தொப்பியின் விளிம்பு மேற்பார்வையை மறைத்திருக்கும், சொந்த மூச்சின் ஒலியே காதை நிறைத்திருக்கும். இறங்குபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு வளைவுகளுக்குக் கீழே வருகிறவர்களை அவரால் பார்க்க முடியும், அவர்கள் எத்தனை பேர், சுமை எவ்வளவு, எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பதையும் ஓரளவு ஊகிக்க முடியும். சந்திப்பு நிகழப்போவதை முதலில் அறிபவர் அவர். முதலில் அறிபவரே முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் இந்த நெறியின் அடிப்படையாகக் கருதுகிறேன்.

இதற்கு எதிரான வாதமும் உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டபடியே உடலின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. மாலைக்குள் அவை நடுங்கத் தொடங்கிவிடும். சரளைக்கல்லிலும் ஈர வேரிலும் நினைத்த இடத்தில் நிற்பது கடினம். மலைநடையில் விழுபவர்களில் பெரும்பான்மையினர் இறங்கும்போதே விழுகிறார்கள் என்பதும் உண்மை. அப்படியானால் நிற்க முடியாதவருக்கு அல்லவா வழி விட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் சுட்டிக்காட்டும் ஆபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. நிற்கக் கடினமான இடத்தில் நிற்க முடியாத வேகத்தில் இறங்குவதுதான் அங்கே பிழை. எதிரே ஆள் வராவிட்டாலும் அந்த வேகம் ஆபத்தானதே. கீழே ஆட்கள் தென்பட்ட உடனேயே நடையைத் தளர்த்தி, நல்ல இடம் ஒன்றில் முன்கூட்டியே நின்றுவிடுபவருக்குத் திடீரென்று நிற்க வேண்டிய தேவை எழுவதில்லை.

நல்ல இடம் எது என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாதையின் ஒரு பக்கம் மலைச்சுவராகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கையில், நிற்பவர் மலைப்பக்கமாகவே நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கத்தின் விளிம்பு பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், பல இடங்களில் அது மழைநீர் அரித்த மண்ணின் மேல் புல் மூடிய வெறும் ஓரமாகவே இருக்கும். அசையாமல் நிற்கும் எடையை, அதுவும் பையின் எடையோடு சேர்த்து, அது தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஏறுபவரைப் பள்ளத்துப் பக்கம் அனுப்பிவிட்டு நாம் பாதுகாப்பாக நிற்பது முறையா என்ற கேள்வி எழலாம். பாதையின் நடுப்பகுதியை அவருக்கு முழுமையாக விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மலைப்பக்கம் ஒட்டி நிற்க முடிந்தால்தான் அந்த இடம் தகுதியானது. முடியாவிட்டால் இன்னும் சற்று மேலேயே நின்றிருக்க வேண்டும், அல்லது சில அடிகள் திரும்பி ஏறிப் போக வேண்டும். இறங்கிய உயரத்தை மறுபடி ஏறுவதற்கு மனம் எளிதில் இசையாது. ஆனால் பத்தடி திரும்பி ஏறுவதில் முடிகிற சிக்கலை, குறுகிய இடத்தில் உடலைச் சுருக்கிக்கொண்டு தீர்க்கப் பார்ப்பது அறிவுடைமை அன்று.

கொண்டை ஊசி வளைவின் திருப்பம் பெரும்பாலும் மிகச் சிறந்த காத்திருப்பிடம். அங்கே பாதை அகன்று, ஓரளவு சமதளமாக இருக்கும். ஏறி வருபவரும் வெகுதூரத்திலிருந்தே நம்மைக் காண்பார். அதனால் வளைவுகள் நிறைந்த இறக்கங்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் நின்று, கீழே பார்த்துவிட்டு, அடுத்த திருப்பம் வரை வழி வெறுமையாக இருந்தால் மட்டுமே தொடர்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். இதனால் வேகம் குறைவதாக உடன் வருபவர்கள் முதலில் நினைப்பார்கள். குறுகிய இடங்களில் சிக்கி நிற்கும் நேரம் மிச்சமாவதைப் பார்த்த பிறகு அவர்களும் அப்படியே செய்கிறார்கள்.

ஒதுங்குவது என்றால் பாதையை விட்டு வெளியே இறங்கிவிடுவது என்று பொருளாகாது. பலரும் ஒரே இடத்தில் செடிகளை மிதித்து ஒதுங்கினால் சில பருவங்களில் அங்கே இரண்டாவது பாதை உருவாகிவிடும், மழைநீர் அதன் வழியாக ஓடி மண்ணை அரிக்கும். மரங்கள் வளராத உயரங்களில் செடிகள் வளரும் பருவம் மிகக் குறுகியது. அங்கே மிதிபட்ட பாசியும் புல்லும் மீண்டு வர ஆண்டுகள் பல ஆகும். பாறை, சரளை, காய்ந்த மண் ஆகியவற்றின் மேல் நிற்பதே சரி. சதுப்பு நிலத்தின் மேல் போடப்பட்ட மரப்பலகைப் பாதைகளில் சேற்றில் இறங்கி வழிவிடுவதைவிட, அகன்ற பகுதி வரும் வரை பின்னால் காத்திருப்பதே நிலத்துக்கு நல்லது.

முதுகுப்பை நம் உடலின் அளவை மாற்றிவிடுகிறது என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வழிவிடுவதற்காகச் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால், பின்னால் இருக்கும் பை ஒரு வாயிற்கதவு போலச் சுழன்று பாதையின் குறுக்கே வந்துவிடும். கடந்துகொண்டிருப்பவரின் தோளில் அது பட்டால் அவர் நிலைகுலைவார். ஆகவே அவர் அருகில் வருவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். பை மலைச்சுவரை ஒட்டி, முகம் பாதையை நோக்கியிருக்கும்படி நின்று, அவர் முழுமையாகக் கடந்து செல்லும் வரை அசையாமல் இருக்க வேண்டும். கைத்தடிகளை இரண்டையும் ஒரே கையில் சேர்த்து, கூர்முனை தரையை நோக்கியிருக்குமாறு உடலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வது நல்லது.

நின்ற பிறகு சொல்ல வேண்டிய வார்த்தைகளும் உண்டு. "வாருங்கள், அவசரமில்லை" என்ற சொல்லின் பயனை நான் ஏறும்போதுதான் உணர்ந்தேன். மேலே ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்றால், அவரை நிறுத்தி வைக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் நாம் வேகத்தைக் கூட்டிவிடுகிறோம். அவரைக் கடந்த பின் மூச்சு இரைக்க நின்றுவிடுகிறோம். வழிவிட்டதன் நோக்கமே அங்கே வீணாகிவிடுகிறது. காத்திருப்பவர் ஏறுபவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காமல், தண்ணீர் குடிப்பதிலோ காலணியின் கயிற்றைச் சரிசெய்வதிலோ ஈடுபட்டால், ஏறுபவருக்கு அந்த அழுத்தம் குறைகிறது. பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை இருவரும் சொல்லிக்கொள்வது அதைவிடப் பயனுள்ளது. "எனக்குப் பின்னால் இன்னும் நால்வர்" என்று ஏறுபவர்களில் முதலாமவர் சொல்லிவிட்டால், காத்திருப்பவர் இரண்டாமவர் கடந்ததும் பாதையில் இறங்கி மூன்றாமவரோடு முட்டிக்கொள்ளும் நிலை வராது.

முடிவு ஏறுபவருடையது என்று சொன்னேன். ஏறுபவர் நின்று ஓய்வெடுக்க விரும்பலாம். அவருக்கு அந்தச் சந்திப்பே ஒரு நல்ல சாக்காக அமையலாம். அவர் ஓரமாக நின்று கையசைத்து "நீங்கள் இறங்குங்கள்" என்றால், அதை ஏற்றுக்கொண்டு, நன்றி சொல்லி, வேகமெடுக்காமல் இறங்கிப் போவதே முறை. நெறியைக் காக்கிறேன் என்று மேலே நின்றுகொண்டு அவரை ஏறும்படி வற்புறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். களைத்திருப்பவரிடம் அப்படி வாதிடுவது கொடுமை. அதே சமயம், கையசைவோ சொல்லோ இல்லாமல் ஏறுபவர் நின்றுவிட்டார் என்பதற்காக மட்டும் அவர் வழிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் இரண்டு மூச்சுக்காக மட்டும் நின்றிருக்கலாம்.

இந்த நெறி பொருந்தாத இடங்களில் முதன்மையானவை கையூன்றி ஏற வேண்டிய பாறைகள், ஏணிகள், சங்கிலி அல்லது கம்பி பிடித்து ஏறும் பகுதிகள். அங்கே ஏறுபவரா இறங்குபவரா என்று பார்ப்பதில்லை; கடினமான பகுதிக்குள் யார் ஏற்கெனவே இருக்கிறாரோ அவர் அதை முடித்து வெளியேறும் வரை மற்றவர் வெளியிலேயே காத்திருக்க வேண்டும். ஏணியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஹாஃப் டோம் பாறையின் கடைசி 400 அடியில், ஏறுபவர்களும் இறங்குபவர்களும் இரண்டு எஃகுக் கம்பிகளுக்கு இடையிலான ஒரே தடத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1919ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கம்பிகள் அமைக்கப்பட்ட அந்தச் சரிவில் குறிப்பிட்ட இடைவெளிகளில் மரப்பலகைகள் இருக்கின்றன. அவற்றில் நின்று ஒருவரையொருவர் பார்த்துப் பேசித்தான் கடக்க முடியும். நெரிசலைக் குறைக்க இப்போது அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 பேருக்கு மட்டுமே அனுமதி வழங்குகிறார்கள். ஜப்பானின் 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபுஜி மலையில், யோஷிதா வழியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிப் பாதைகளே வைத்திருக்கிறார்கள். கூட்டம் ஓர் அளவைத் தாண்டும்போது மரியாதையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இவை இரண்டும் போதுமான சான்று.

சரளைக்கற்கள் உருளும் சரிவில் ஒதுங்கி நின்றால் மட்டும் போதாது, முற்றிலும் அசையாமல் நிற்க வேண்டும். நம் காலடியில் நழுவும் ஒரு சிறிய கல் கீழே போகப்போக வேகம் பெற்று, நேர்கீழே ஏறி வருபவரின் தலைக்கு வரும். அவர்கள் நமக்கு நேர்கீழே இருக்கும் வரை நகரவே கூடாது, கல் நழுவிவிட்டால் கூச்சப்படாமல் உரக்க "கல்! கல்!" என்று கத்த வேண்டும். கத்தும் சத்தம் கேட்டவர் மேலே நிமிர்ந்து பார்ப்பதைவிடப் பையைத் தலைக்கு மேல் உயர்த்தி மலைச்சுவரோடு ஒட்டிக்கொள்வது நல்லது.

பொதிவிலங்குகள் வரும்போது மனிதர்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கக் கணக்கு முழுவதுமாக மறைந்துவிடுகிறது. ஏறினாலும் இறங்கினாலும் நாம்தான் ஒதுங்க வேண்டும். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதில் இரண்டு வேறுபட்ட அறிவுரைகள் வழங்குகின்றன, இரண்டுக்கும் காரணம் உண்டு. குதிரைகளில் ஆட்கள் சவாரி செய்யும் அமெரிக்கப் பாதைகளில், சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி, மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். மேலிருந்து பாயும் விலங்குக்கு அஞ்சும் இயல்புடைய குதிரை, தனக்கு மேலே பெரிய பையுடன் நிற்கும் உருவத்தைக் கண்டு மிரளலாம். மிரண்டாலும் அது மேல்நோக்கி ஓடுவது கீழ்நோக்கி ஓடுவதைவிடக் குறைந்த ஆபத்துடையது. மனிதக் குரல் கேட்டால் அந்த உருவம் மனிதன்தான் என்று தெரிந்துகொள்கிறது. நேபாளத்தின் மலைப்பாதைகளிலோ இதற்கு நேர்மாறாக மலைப்பக்கமே நிற்கச் சொல்கிறார்கள். அங்கே வரிசையாக வரும் கோவேறு கழுதைகளும் யாக்குகளும் இருபுறமும் அகன்று துருத்தும் சுமையோடு வருகின்றன. அவற்றை ஓட்டுபவர் பெரும்பாலும் வரிசையின் பின்னால் இருப்பார். சுமையின் ஓரம் இடித்தால் பள்ளத்துப் பக்கம் நிற்பவர் நேராகக் கீழே போவார். பள்ளம் செங்குத்தாக இருக்கும் எந்தப் பாதையிலும் நான் மலைப்பக்கத்தையே தேர்கிறேன். அகன்ற மென்சரிவாக இருந்து, குதிரையில் வருபவர் கீழே நிற்கச் சொன்னால் அவர் சொல்வதைக் கேட்கிறேன். விலங்கை அறிந்தவர் அவர்தான். தொங்கு பாலத்தின் மறுமுனையில் மணியோசை கேட்டால், பாலத்தில் கால்வைக்காமல் கடைசி விலங்கும் கடந்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். நடுப்பாலத்தில் திரும்பவும் இடமில்லை, ஒதுங்கவும் இடமில்லை.

நேபாளத்தில் 2,860 மீட்டர் உயரத்திலுள்ள லுக்லாவிலிருந்து 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாருக்குச் செல்லும் வழியில், கூடையைத் தலைப்பட்டையில் தாங்கிச் செல்லும் சுமையாளர்களுக்கும் நான் இதே முழு முன்னுரிமையைத் தருகிறேன், அவர்கள் இறங்கி வந்தாலும் சரி. அவர்கள் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. கையில் கொண்டுவரும் டி வடிவக் கட்டையைக் கூடைக்கு அடியில் ஊன்றி, சுமையை அதன்மேல் தாங்கவைத்து, நின்றபடியே இளைப்பாறுகிறார்கள். அந்தக் கட்டையை ஊன்றுவதற்குத் தட்டையான இடம் வேண்டும். நம் தயக்கத்தால் படியின் நடுவில் அவர்களை நிறுத்தினால், முழுச் சுமையும் கழுத்திலேயே இறங்குகிறது. தலைப்பட்டை இறுகியிருக்கும்போது அவர்களால் தலையை நிமிர்த்திப் பார்க்கவும் இயலாது என்பதால், நாம் நிற்பதைக் குரல் கொடுத்தே தெரிவிக்க வேண்டும்.

பெரிய குழுக்கள் எழுப்பும் சிக்கல் வேறு வகையானது. இருபது பேர் வரிசையாக ஏறிக்கொண்டிருக்க, இருவர் மேலே காத்திருக்கிறார்கள் என்றால், நெறிப்படி இருவரும் வெகுநேரம் நிற்க வேண்டும். இருபது பேரும் ஒதுங்குவதைவிட இருவர் ஒதுங்குவது எளிது, செடிகளும் குறைவாகவே மிதிபடும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் குளிர்காற்றில், வியர்வை காயாத உடையுடன் நிற்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு உடலைச் சில்லிடச் செய்யும். அகன்ற இடம் வந்ததும் குழுவை நடுவில் நிறுத்தி, காத்திருப்பவர்களைக் கடக்கவிடுவது குழுவை நடத்துபவரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இருட்டில் தலைவிளக்குடன் சந்திக்கும்போது விளக்கைத் தாழ்த்த வேண்டும் அல்லது கையால் மறைக்க வேண்டும். நேரே கண்ணில் ஒளி பட்டவருக்கு அடுத்த சில நிமிடங்கள் காலடி தெரியாது. காதில் இசை கேட்டுக்கொண்டு இறங்குபவர்கள் குறைந்தது ஒரு காதையாவது திறந்து வைத்திருக்க வேண்டும். காயமடைந்தவரைத் தூக்கு படுக்கையில் கொண்டுவருபவர்கள் எந்தத் திசையில் வந்தாலும் பாதை முழுவதும் அவர்களுக்கே உரியது, தூக்குபவர்களின் கைக்கு ஓய்வு தரவேண்டுமா என்று கேட்பதும் நம் பொறுப்பே.

எதிரே வருபவருக்கு இந்த நெறி தெரியாது என்பது தெளிவானால், ஏறிக்கொண்டிருந்தாலும் நானே நின்றுவிடுகிறேன். சரிவின் நடுவே உரிமை பேசுவதால் இருவரும் மோசமான இடத்தில் நீண்ட நேரம் நிற்க நேர்கிறது. ஓய்விடத்தில் அவர்களையே மறுபடி சந்தித்தால், மூச்சையும் பார்வையையும் பற்றிச் சொல்லி விளக்குகிறேன். காரணத்தோடு சொன்னால் மனம் புண்படுபவர்கள் மிகக் குறைவு.

என்னோடு வருபவர்களுக்கு இவற்றை மலையடிவாரத்தில் ஒருமுறை சொல்கிறேன். உச்சியை அடைந்த மகிழ்ச்சியில் அது மறந்துபோகும், இறக்கத்தில்தான் அது தேவைப்படும் என்பதால், திரும்பப் புறப்படும் முன் உச்சியிலேயே இன்னொருமுறை சொல்கிறேன்: முன்னால் செல்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே பார்த்து, ஆட்கள் தென்பட்டதும் "ஏறுகிறார்கள்" என்று குரல் கொடுக்க வேண்டும், அந்தக் குரலைக் கேட்டவர் பின்னால் வருபவருக்குச் சொல்லிவிட்டு, தான் இருக்கும் இடத்தில் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், கடைசியில் நிற்பவர் "எல்லோரும் கடந்துவிட்டார்கள்" என்று சொன்ன பிறகே முன்னால் இருப்பவர் அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டும்.